மூன்று இதழ்களுக்கெனத் தோன்றிய ஏடு

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற நாள்களில் நண்பர் நால்வர் கூடி ஒரு திங்களிதழ் தொடங்கினோம். ஸ்டென்சில் தாளைக் கூர்முனைப் பேனாவால் கீறி, சைக்ளோஸ்டைல் பொறியில் ஏற்றிக் கையால் சுற்றி, மை அப்பிய விரல்களோடு இரவெல்லாம் தாள் அடுக்கித் தைத்த இதழ் அது. நூறாண்டு நடத்தப் போகிறோம் என்னும் நினைப்போடுதான் தொடங்கினோம். மூன்றாம் இதழோடு அது நின்றுவிட்டது.

பல ஆண்டுகள் கழித்து அமெரிக்கக் கணினி ஏடு ஒன்றின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோது, எனக்குச் சிரிப்பும் நாணமும் ஒருங்கே தோன்றின. அதைத் தொடங்கியவர்கள் மூன்றே மூன்று இதழ்கள் வெளியிட்டுவிட்டு நிறுத்திக்கொள்வதென்று முடிவு செய்து தொடங்கினார்கள். அவ்வேடு 1976ஆம் ஆண்டு சனவரியில் பிறந்து, 33 ஆண்டுகள் அச்சில் வாழ்ந்து, அதன்பின் மின்வடிவில் 2014ஆம் ஆண்டின் இறுதிவரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் பெயர் 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்'.

நம்மிடையே ஏடு தொடங்காத தமிழாசிரியரைக் காண்பது அரிது. தொடங்கிய ஏடு நிற்காத ஆசிரியரைக் காண்பது அதனினும் அரிது. ஆகவே, பொழுதுபோக்காளர்களின் சிற்றேடு ஒன்று எவ்வாறு உயிர்வாழ்ந்தது, பின்னர் எதனால் மாண்டது என்று ஆராய்வது நமக்குப் புறம்பான செய்தியாகாது. கணினி நுட்பம் அறியாதவர்களும் இக்கட்டுரையைத் தொடரலாம். எனக்குத் தெரிந்ததும் சிறிதளவே.

முதலில் அக்காலத்தை மனக்கண்முன் கொண்டுவர வேண்டும். 1970களின் தொடக்கத்தில் கணினி என்பது அறை நிறைய நிற்கும் பொறி. வங்கி, அரசு, பல்கலைக்கழகம் ஆகியவையே அதனை வாங்க வல்லவை. தனி மனிதன் ஒருவன் தன் வீட்டில் கணினி வைத்துக்கொள்வதென்பது, தன் வீட்டுக் கொல்லையில் புகைவண்டி வைத்துக்கொள்வதைப் போன்றது. 1975ஆம் ஆண்டு சனவரி மாத 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் 'ஆல்டேர் 8800' என்னும் சிறு கணினி இடம்பெற்றது. நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகெர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் என்பார் நடத்திய மிட்ஸ் என்னும் சிறு நிறுவனம் அதனைச் செய்தது. உறுப்புகளைப் பெட்டியில் இட்டு அஞ்சலில் அனுப்புவார்கள்; வாங்குபவர்தாம் பற்றவைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். விலை 397 டாலர். அதற்குத் திரையும் இல்லை, தட்டச்சுப் பலகையும் இல்லை. முகப்பில் வரிசையாகச் சிறு விசைகளும் சிவப்பு விளக்குகளும் இருந்தன. அதன் நினைவகம் 256 பைட். இன்றைய குறியீட்டு முறையில் தமிழில் எழுதினால் ஓரிரு குறட்பாக்களுக்கு மேல் அதில் இடமில்லை.

இத்தகைய பொறியை வாங்கி ஒருவர் என்ன செய்ய முடியும்? பொறிக்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. ஒவ்வோர் எண்ணையும் விசைகளை மேலும் கீழும் தள்ளி உள்ளே செலுத்த வேண்டும். மனிதனுக்கு விளங்கும் சொற்களில் கட்டளையிட வேண்டுமானால், அச்சொற்களைப் படித்துப் பொறிக்கு உணர்த்தும் நிரல் ஒன்று முன்னதாகவே நினைவகத்தில் குடியிருத்தல் வேண்டும். 'பேசிக்' என்னும் மொழி அதற்கு ஏற்றதென்று பலரும் கருதினர். மாணவர்கள் எளிதிற் கற்கவென்று 1964இல் டார்ட்மவுத் கல்லூரியில் உருவாக்கப்பட்ட மொழி அது. ஆனால், ஆல்டேருக்கென விற்கப்பட்ட பேசிக்கைத் தனியே வாங்கினால் சில நூறு டாலர் விலை. பொறியை வாங்கிய கையோடு வெறுங்கையரானவர்கள் பலர்.

இங்கே நம் இனத்தவர் ஒருவர் வருகிறார். நம் இனம் என்றது ஆசிரியர் இனத்தை. பாப் ஆல்பிரெக்ட் என்பவர் பெரிய கணினி நிறுவனமொன்றில் பணியாற்றியவர். 1960களின் தொடக்கத்தில் டென்வர் நகரத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்பித்தபோது, பொறியைக் கண்டு அஞ்சாத இளையோரின் வேகம் அவரைப் பற்றிக்கொண்டது. பெரிய பொறிகளை விற்கும் பிழைப்பை விட்டார்; கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் 'பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி', அதாவது மக்கள் கணினி நிறுவனம் என்னும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பெயரில் நிறுவனம் என்றிருந்தாலும் வாணிக நோக்கம் அதற்கு இல்லை. சிறுவர்களும் வழிப்போக்கர்களும் உள்ளே நுழைந்து கணினியோடு விளையாடலாம். அதன் செய்தித்தாள் 1972ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவரத் தொடங்கியது. மலிவுத் தாளில், பறவைநாகப் படங்களும் விளையாட்டு நிரல்களும் தாறுமாறாக நிறைந்த தாள் அது. கணினிகள் மக்களுக்கு எதிராகப் பயன்படுகின்றன, அதனை மாற்ற வேண்டும் என்பதே அதன் முதல் இதழின் அறைகூவல். ஒரு பள்ளி ஆசிரியரின் கைவண்ணம் அதன் பக்கந்தோறும் தெரியும்.

அவ்வமைப்பிலிருந்த மற்றொருவர் டென்னிஸ் ஆலிசன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். 1975ஆம் ஆண்டு மார்ச்சில் அச்செய்தித்தாளில், உங்கள் பேசிக்கை நீங்களே ஆக்கிக்கொள்ளுங்கள் என்னும் பொருள்பட ஒரு கட்டுரை எழுதினார். பேசிக் மொழியின் எல்லா அணிகலன்களையும் நீக்கிவிட்டு, முழு எண்களும் எளிய சில கட்டளைகளும் மட்டும் கொண்ட குட்டி வடிவம் ஒன்றை வரையறுத்தார். அதன் பெயர் 'டைனி பேசிக்'. ஆலிசன் அதனை முழுதாகச் செய்து தரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வீட்டுப் பாடம் கொடுப்பதுபோல், வரைவை மட்டும் தந்து, செய்து பாருங்கள், செய்ததை எழுதி அனுப்புங்கள் என்றார்.

விடைகள் வந்தன. டெக்சாசு மாநிலத்து டைலர் என்னும் ஊரிலிருந்து டிக் விப்பில், ஜான் ஆர்னால்டு என்னும் இருவர், அவ்வரைவையொட்டித் தாங்கள் எழுதி முடித்த டைனி பேசிக்கை முழுவதும் அனுப்பிவைத்தனர். கலிபோர்னியாவின் கணினி ஆர்வலர் வட்டத்தைச் சேராதவர்கள் அவர்கள். ஆண்டிறுதியில் ஆல்பிரெக்டும் ஆலிசனும் எண்ணிப் பார்த்தனர். இந்த விடைத்தாள்களைச் செய்தித்தாளில் வெளியிட இடம் போதாது. தனியே படியெடுத்து, மூன்று இதழ்களாகத் தைத்து, கேட்டவர்களுக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது. இதுவே மூன்று இதழ்த் திட்டத்தின் தோற்றம்.

அதற்கு இட்ட பெயரோ, படித்தவர் எவரும் ஏட்டுக்கு இடத் துணியாத பெயர். டென்னிசையும் பாப்பையும் ஒன்றாகக் குழைத்து 'டாப்' என்னும் மருத்துவரைப் படைத்தனர். 'டாக்டர் டாப்பின் டைனி பேசிக் உடற்பயிற்சி, பல் சீரமைப்பு இதழ்' என்பது முழுப் பெயர். அதன்கீழ் ஒரு சிலேடை. மேற்பற்கள் முன்தள்ளி நிற்பதை ஆங்கிலத்தில் ஓவர்பைட் என்பர். கணினியின் நினைவக அலகும் பைட். பைட் மிகாமல் மெலிவாக ஓடுக என்பது அவர்கள் கூறிய அறிவுரை. நினைவகம் 256 பைட்டாக இருந்த காலத்தில் அது வெறும் நகைச்சுவையன்று, வாழ்வியல் நெறியே. இரண்டாம் இதழிலேயே, டைனி பேசிக் என்னும் சொற்கள் நீங்கிக் கணினி என்னும் பொதுச்சொல் தலைப்பில் ஏறிற்று. மூன்றோடு முடியாது என்பது அதற்குள்ளாகவே அவர்களுக்குப் புலப்பட்டுவிட்டது போலும்.

ஏட்டை நடத்த ஆசிரியராக அழைக்கப்பட்டவர் ஜிம் வாரன். இவரும் கணக்காசிரியர். டெக்சாசில் பள்ளியில் கற்பித்தவர். பின்னர்க் கலிபோர்னியாவில் கத்தோலிக்க மகளிர் கல்லூரி ஒன்றில் கணிதத் துறைத் தலைவராக இருந்தவர். அவர் வீட்டில் நடந்த விருந்துகளைப் பற்றி ஊரில் எழுந்த பேச்சினால் அப்பணியை விட்டு விலக நேர்ந்தது. தலைமையாசிரியராகிய நான் அதனை விரித்துரைத்தல் முறையன்று, கடந்து செல்வோம். அவரிடம் இருந்த குணங்கள் மூன்றினை ஏட்டின் பக்கங்களே காட்டும். ஓயாமல் பேசுவார், எவருடைய கடிதத்தையும் மதிப்பார், பொருள் தரக்குறைவாயின் விற்பவன் முகம் பாராமல் எழுதிவிடுவார். ஆண்டுக்குப் பத்து இதழ்கள் என்று வகுத்துக்கொண்டு, அவ்வாறே 1976இல் பத்து இதழ்களையும் வெளியிட்டார்.

தொடக்கத்தில் அவ்வேட்டில் கட்டண விளம்பரம் கிடையாது. சந்தாவே அதன் உணவு. இது வறுமையால் நேர்ந்ததன்று, கொள்கையால் நேர்ந்தது. அக்காலத்தில் அஞ்சல்வழிக் கணினி வாணிகம் ஒழுங்குபடாத சந்தை. பணம் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. வந்த பலகை வேலை செய்யாமற் போனதும் உண்டு. விளம்பரம் தருபவனைப் பற்றி உண்மை எழுதுதல் கடினம். விளம்பரமே இல்லாத ஏட்டுக்கு அத்தொல்லை இல்லை. ஏட்டுக்கு எசமானர் அதனைப் படிப்பவர்களே என்றிருந்தது.

இனி, இந்த ஏட்டின் வரலாற்றில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த பகுதிக்கு வருகிறேன். அஃது அச்சுப்பிழை பற்றியது.

நாம் நடத்தும் இலக்கிய இதழில் ஒற்று மிகுந்தாலும், கால் விட்டுப்போனாலும் படிப்பவர் முகம் சுளிப்பார். பிறகு பொருளை ஊகித்து மேலே செல்வார். டாக்டர் டாப்ஸ் அச்சிட்டதோ நிரல். முதல் இதழ்களில் வந்த நிரல்கள் எட்டன்கீழ் எழுதிய எண்களாக, சுழியம் முதல் ஏழு வரையிலான இலக்கங்களாக, பத்தி பத்தியாக இறங்கும். டைனி பேசிக் இரண்டு மூன்று கிலோபைட் இடம் கொள்வது. அதாவது ஈராயிரம் மூவாயிரம் எண்கள். நினைவகத்தை விரிவாக்கிக்கொண்ட வாசகர், இரவு உணவு முடித்து அமர்ந்து, இவற்றை ஒவ்வொன்றாகத் தம் பொறிக்குள் செலுத்துவார். விசைகளைத் தவிர வேறொன்றும் இல்லாதவர் விசைகளையே தள்ளுவார். இத்தனை எண்களில் ஒன்று பிழையாக அச்சாகியிருந்தால் போதும், நிரல் ஓடாது. எங்கே பிழை என்று பொறி சொல்லாது. விளக்குகள் வாளா நிற்கும், அல்லது பித்துப்பிடித்தவைபோல் சிமிட்டும்.

எழுத்துக் கோப்பவர் கையில் கொடுத்தால் பிழை பெருகும் என்பதால், வாசகர்கள் அனுப்பிய அச்சுத்தாள்களையே படம் பிடித்துச் சுருக்கி வெளியிடும் வழக்கம் ஏற்பட்டது. அதிலும் இடர் உண்டு. நாடாவின் மை மங்கியிருந்தால் மூன்று எது, எட்டு எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். ஆகவே பிழைகள் இருந்துகொண்டே இருந்தன. அப்பிழைகளோ ஏட்டைக் கொல்லவில்லை. ஏன்?

படித்தவர்கள் நிரலை ஓட்டிப் பார்த்தார்கள். ஓடாதபோது காரணம் தேடினார்கள். தேடிக் கண்டதை எழுதி அனுப்பினார்கள். அதனை ஏடு வெளியிட்டது. பிழை இன்ன இடத்தில், திருத்தம் இது, கண்டுபிடித்தவர் இன்னார் என்று வெளிப்படையாக வந்தது. சில வேளைகளில் திருத்தியவர் அதனோடு நில்லாமல், மூல நிரலைக் காட்டிலும் சிறிய, விரைந்தோடும் நிரலை எழுதி அனுப்பினார். அடுத்த இதழுக்குப் பொருள் கிடைத்துவிட்டது! ஒவ்வோர் இதழும் தனக்கு அடுத்த இதழைத் தானே ஈன்றது. பொருள் வறட்சியால் ஏடுகள் மடிவதை நாம் கண்டிருக்கிறோம். கட்டுரை கேட்டுக் கதவு தட்டும் பத்திரிகாசிரியரின் துயரை நானே அறிவேன். டாக்டர் டாப்ஸ் அத்துயரை அறியாததற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

எங்கள் கல்லூரி இதழைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டாம் இதழில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கான பயிற்சிக் கணக்குகளை நான் எழுதியிருந்தேன். பின்னக் கணக்கு ஒன்றுக்கு விடை தவறு. தோட்டப்புறப் பள்ளியில் பணியாற்றிய மூத்த ஆசிரியர் ஒருவர் அதனைக் கண்டு, கோடிட்ட தாளில் அழகிய கையெழுத்தில், "தம்பி, வகுப்பில் செய்து காட்டும்போது பிள்ளைகள்தாம் கண்டுபிடித்தார்கள்" என்று எழுதியிருந்தார். அக்கணக்கைக் கற்பிக்க வேறொரு வழியையும் இரண்டு பக்கத்தில் விளக்கியிருந்தார். நாங்கள் நால்வரும் அக்கடிதத்தைப் படித்தோம். வெளியிட்டால் மானம் போகுமென்று மடித்து வைத்துவிட்டோம். மூன்றாம் இதழில் என் கவிதை இரண்டும் நண்பர்களின் கவிதை நான்கும் வந்தன. அந்த ஆசிரியர் மறுபடி எழுதவில்லை. வேறு எவரும் எழுதவில்லை. பணமில்லாமல் இதழ் நின்றது என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். சைக்ளோஸ்டைல் தாளுக்கும் மைக்கும் ஆன செலவு அப்படியொன்றும் பெரிதன்று.

மென்லோ பார்க்குக்குத் திரும்புவோம். ஏடு தோன்றிய அடுத்த மாதமே ஒரு பூசல் மூண்டது. 1976 பிப்ரவரியில், ஆல்டேரின் பேசிக்கை எழுதிய இளைஞர்களுள் ஒருவரான பில் கேட்ஸ், பொழுதுபோக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல் விடுத்தார். என் நிரலைக் காசு கொடாமல் படியெடுக்கிறீர்கள், இது திருட்டு, ஊதியமின்றி எவன் நல்ல நிரல் எழுதுவான் என்பது மடலின் சாரம். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. எழுதியவன் உழைப்பு உழைப்புத்தானே? நூல்களை முழுவதும் ஒளிப்படியெடுத்துப் பகிரும் பழக்கம் நம் பள்ளிகளிலும் இருக்கிறது. எழுத்தாளர் சங்கத்து நண்பர்கள் அதனால் வருந்துவதையும் கேட்டிருக்கிறேன்.

அதற்கு வாரன் கூறிய விடை அவ்வாண்டே அச்சேறியது. நிரல் விலையின்றிக் கிடைக்குமானால், அன்றிப் படியெடுப்பதைக் காட்டிலும் விலை கொடுத்து வாங்குவது எளிதென்னும் அளவுக்கு மலிவாக இருக்குமானால், அதனைத் திருடுவார் இரார் என்றார் அவர். இது பேச்சளவில் நிற்கவில்லை. டாம் பிட்மன் என்பார் வேறொரு சில்லுக்கான டைனி பேசிக்கை எழுதி ஐந்து டாலருக்கு விற்றார். லி-சென் வாங் என்பவர் தம் 'பாலோ ஆல்டோ டைனி பேசிக்'கை முழுவதுமாக ஏட்டுக்கே தந்துவிட்டார். 1976ஆம் ஆண்டு மே இதழில் அது வந்தது. பதிப்புரிமை அறிவிப்பை வேண்டுமென்றே தலைகீழாக்கி, உரிமை விடப்பட்டது, தவறுகள் அனைத்தும் காக்கப்பட்டவை என்று அதன் முகப்பில் குறும்பாக எழுதியிருந்தார். மறு ஆண்டு டாண்டி நிறுவனம் கடைகளில் விற்கத் தொடங்கிய டிஆர்எஸ்-80 கணினியின் முதல்நிலைப் பேசிக், வாங்கின் இந்த நிரலை அடித்தளமாகக் கொண்டதே. அக்கணினி பல்லாயிரக்கணக்கில் விற்பனையாயிற்று. மலிவுத் தாளில் மங்கிய மையில் வந்த எண்கள் எத்தனை வீடுகளுக்குச் சென்று சேர்ந்தன என்பதை வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

கொடைக்கு இடந்தரும் ஏடு என்னும் பெயர் நிலைத்துவிட்டமையால், பின்னாளிலும் கொடைகள் வந்துகொண்டேயிருந்தன. 1980 மே மாதம் ரான் கெய்ன் என்பவர் 'ஸ்மால் சி' என்னும் சிறு மொழிபெயர்ப்பியின் நிரலை முழுவதும் வெளியிடத் தந்தார். சி மொழியைச் சிறு பொறிகளில் பயில வழியற்றிருந்த மாணவர்கள் பலர் அதனைத் தட்டச்சிட்டுத் தங்கள் பொறியில் ஏற்றினர். ஒரு மொழிபெயர்ப்பியின் குடல்வரை திறந்து காட்டிய பாடம் அது. கடையில் வாங்கும் பெட்டியில் அத்தகைய பாடம் கிடைக்காது. 1982இல் ஜேம்ஸ் எண்டிரிக்ஸ் அதனைச் செப்பமாக்கித் தந்தார். 1985 மார்ச்சில் ரிச்சர்டு ஸ்டால்மன், நிரல்கள் எல்லார்க்கும் கட்டற்றவையாக இருத்தல் வேண்டும் என்னும் தம் 'குனு' அறிக்கையை வெளியிட்டதும் இவ்வேட்டிலேதான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் வாரனும் வாங்கும் விதைத்திருந்த நிலம் அது.

வாரன் நெடுநாள் ஆசிரியராக இருக்கவில்லை. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் மேற்குக் கடற்கரைக் கணினிச் சந்தை என்னும் பெருவிழாவை நடத்தினார். பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். ஆப்பிள் II கணினி மக்கள் முன் வைக்கப்பட்ட விழா அதுவே. அதன்பின் அவர் மனம் விழா நடத்துவதில் சென்றது. அவருக்குப் பின் பலர் ஆசிரியப் பொறுப்பேற்றனர். ஒருவர் போனதும் ஏடு போய்விடவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

தாயமைப்பின் கதை வேறு. மக்கள் கணினி நிறுவனத்தின் மூல செய்தித்தாள் பெயர் மாறி, வடிவம் மாறி, 1981இல் வேறொரு கணினி ஏட்டில் கரைந்துபோயிற்று. அதன் ஆர்வலர்களுக்கு நாகப்படம் வரையத் தெரிந்த அளவுக்குக் கணக்கேடு எழுதத் தெரியவில்லை என்று தோன்றுகிறது. டாக்டர் டாப்ஸ் தனித்து நின்றது. எனினும் காகித விலையும் அஞ்சல் கட்டணமும் கொள்கையைக் கேட்டு ஏறுவதில்லை. நாளடைவில் விளம்பரம் வந்தது. 1980களின் முற்பகுதியில் ஏடு எம் அண்டு டி என்னும் பதிப்பகத்தின் கைக்குச் சென்றது. உடற்பயிற்சியும் பல் சீரமைப்பும் தலைப்பிலிருந்து நீங்கின. பளபளக்கும் தாளும், தொழில்முறை நிரலாளர்களும், ஊதியம் பெறும் ஆசிரியர் குழுவும் வந்தன.

இதனைச் சீரழிவென்று சொல்வோர் உளர். நான் அவ்வாறு முற்றிலும் கருதவில்லை. 1974இல் டேவிட் ஆல் தொடங்கிய 'கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்' பெரிய பதிப்பகத்துக்கு விற்கப்பட்டு, 1985இல் மூடப்பட்டது. 1975 செப்டம்பரில் தோன்றிய 'பைட்' இதழோ விளம்பரங்களால் தடித்து, ஒரு காலத்தில் தொலைபேசி நூலைப்போல் கனத்தது. 1998 சூலையோடு அதன் அச்சிதழ் நின்றது. உருவத்தில் இளைத்த டாக்டர் டாப்ஸ் அவற்றுக்குப் பின்னும் வாழ்ந்தது. நிரலை முழுவதும் அச்சிடுதல், பிழையை ஒப்புக்கொள்ளுதல் ஆகிய பழைய பழக்கங்களை வணிகர் கையிலும் அது விட்டுவிடவில்லை. அதற்கு உணவிடுபவர்தாம் மாறிவிட்டனர். முன்பு வாசகன் சந்தா கொடுத்தான். இப்போது விளம்பரக்காரன் கொடுத்தான்.

அதன் விளைவு கால் நூற்றாண்டு கழித்தே தெரிந்தது. இணையம் பரவியதும் விளம்பரப் பணம் அச்சைவிட்டு வெளியேறிற்று. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தனி அச்சிதழ் நிறுத்தப்பட்டு, வேறொரு வார ஏட்டின் உட்பகுதியாக அது சுருங்கியது. இணையத்தில் மட்டும் கட்டுரைகள் தொடர்ந்தன. 2014 திசம்பரில் அதன் கடைசி ஆசிரியர் ஆண்ட்ரூ பின்ஸ்டாக் மூடுவிழா அறிவிப்பை எழுதினார். அவ்வறிவிப்பில் என்னைத் திகைக்கவைத்த செய்தி ஒன்று உண்டு. அவ்வாண்டில்தான் ஏட்டின் பக்கங்கள் முன்னெப்போதும் இல்லாத அளவில் படிக்கப்பட்டிருந்தன. ஓராண்டில் ஒரு கோடி முறைக்கு மேல். வருவாயோ நான்காண்டுகளுக்கு முன்பிருந்ததில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு. படிப்பவர் பெருகிக்கொண்டிருந்தபோதே ஏடு மூடப்பட்டது.

முதல் இதழைப் பெற்றவர்கள் சிலர். ஆனால் அவர்கள் சந்தா கட்டியவர்கள், நிரல் எழுதி அனுப்பியவர்கள், மூன்றா எட்டா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து மடல் வரைந்தவர்கள். ஏடு நிற்குமோ என்று அவர்களுக்கு அச்சம் இருந்தது. ஆதலால் அது தங்களுடையது என்னும் எண்ணமும் இருந்தது. ஒரு கோடி முறை படித்தவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. அவர்களிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்பதற்கு இப்போது விடையில்லை. ஆனால் கேட்கும் பழக்கமே அதற்கு முன்னரே அற்றுப்போயிருந்தது என்பதை அவ்வறிவிப்பைப் படிப்பவர் உணரலாம்.

பொழுதுபோக்காளர்களின் கணினி ஏடு என்னும் மரபு அத்தோடு அறுந்துவிடவில்லை. 2012ஆம் ஆண்டில், கடன் அட்டை அளவேயான ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியை வாங்கிய ஆர்வலர்கள், ஊதியமின்றித் தாங்களே எழுதித் தாங்களே பக்கம் அமைத்து 'மேக்பை' என்னும் இதழை வெளியிட்டனர். அச்சிடப் பணமில்லாதபோது பொதுமக்களிடம் வெளிப்படையாகக் கேட்டுத் திரட்டி அச்சிட்டனர். 2015இல் அக்கணினியை உருவாக்கிய அறக்கட்டளையே இதழின் பொறுப்பை ஏற்றது. அவ்வாண்டு நவம்பரில் வந்த இதழொன்றின் அட்டையில், ஒரு முழுக் கணினியையே ஒட்டி, இதழின் விலைக்கே விற்றார்கள். ஆல்டேருக்கு 397 டாலர் கொடுத்தவர்கள் அதனைக் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ!

ஜிம் வாரன் 2021ஆம் ஆண்டு நவம்பரில், தம் 85ஆம் வயதில் வாசிங்டன் மாநிலத்தில் காலமானார். இரங்கற் செய்திகளில் பெரும்பாலானவை அவர் நடத்திய கணினிச் சந்தையையும் ஆப்பிள் கணினியையும் முதலிற் குறித்தன. பிழைதிருத்தம் அனுப்பிய முகமறியா வாசகர்களின் பெயர்களை அவர் அச்சிட்ட பக்கங்கள், பின்னர் ஆண்டுத் தொகுதிகளாகக் கட்டமைக்கப்பட்டு நூல்களாகவும் வந்துள்ளன. முதல் தொகுதியில் 1976ஆம் ஆண்டின் பத்து இதழ்களும் அடங்கியிருக்கின்றன. முதலில் திட்டமிட்டதைவிட ஏழு மிகுதி.